கோடு விழாத சட்டை

“பொட்டப்புள்ள கார் படிப்பு படிச்சி இன்னாடா பண்ணும்? புது வண்டிக்கு ஆரத்தி எடுக்குமா, இல்ல டயருக்கடியில எலுமிச்சம்பழம் வெக்குமா?”

இப்படிக் கேட்டவர் என் நைனா கார் ஓட்டிக்கொண்டிருந்த அரிசி ஆலையின் முதலாளி. கேட்டது நைனாவிடம். ஆனால் நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. அந்தத் தாளை முதலாளியிடம் காட்டி ஆசீர்வாதம் வாங்கலாம் என்று நைனாதான் என்னை ஆலைக்கு அழைத்துப் போயிருந்தார். களத்தில் நெல் தள்ளிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். முதலாளி சொன்னதை நான் அன்று சாயங்காலமே மன்னித்திருப்பேன். நைனா சிரித்ததை இன்றுவரை மன்னிக்கவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். நைனாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். காரின் முன்பலகையில் எரியும் விளக்குகளை அவர் படமாகவே படிப்பார். எண்ணெய் விளக்கு அவருக்கு ‘கெண்டி’. பெல்ட் விளக்கு ‘பட்ட போட்டவன்’. ஏர்பேக் விளக்கில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான், அவன் முன்னால் ஒரு பெரிய வட்டம் இருக்கும். அதை அவர் ‘பந்து வெச்சிருக்கறவன்’ என்பார். அந்த விளக்குகளின் சரியான பெயர்களை வகுப்பில் படித்தபோது, நைனா வைத்த பெயர்கள்தான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தன. வகுப்பில் நான்தான் முதல் மதிப்பெண். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

படித்து முடித்ததும் செஞ்சியிலேயே, திண்டிவனம் சாலையில் இருக்கும் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். பட்டறைத் தளத்தில் நான் ஒருத்திதான் பெண். ஆரம்பத்தில் என்னை ரசீது போடும் மேசையில் உட்கார வைக்கப் பார்த்தார்கள். நான் உட்காரவில்லை. கொஞ்ச நாளில் ஏர்பேக் வேலை வந்தால் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அதற்குக் காரணம் என் திறமை மட்டுமல்ல. மற்றவர்களுக்கு அதைத் தொடப் பயம். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை அங்கே யாருக்கும் இல்லை.

முதலாளி புது கார் வாங்கியது நான் வேலைக்குச் சேர்ந்த மறு வருடம். அவர் எப்போதும் முன்சீட்டில், நைனாவுக்கு இடது பக்கத்தில்தான் உட்காருவார். பின்சீட்டில் உட்கார்ந்தால் கூட்டு ரோட்டில் நிற்பவர்களுக்கு அவர் முகம் தெரியாது. பதினெட்டு வருடங்களில் நைனா முதலாளி வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. நாங்கள் காலனிக்காரர்கள். ஆனால் காருக்குள் அவருக்கும் முதலாளிக்கும் நடுவில் இருந்தது ஒரு கியர் கம்பி மட்டும்தான்.

புது காரில் ஒரு தொல்லை இருந்தது. முன்சீட்டில் இருப்பவர் பெல்ட் போடாவிட்டால் கத்திக்கொண்டே இருக்கும். முதலாளி உடுத்துவது கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. முதல் நாள் சத்தம் பொறுக்காமல் பெல்ட்டைப் போட்டிருக்கிறார். ஆலைக்காரரின் காரில் தவிட்டுத் தூசிக்குக் கேட்க வேண்டுமா! அவலூர்பேட்டையில் இறங்கிப் பார்த்தால் இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை சட்டையின் குறுக்கே அழுக்காக ஒரு கோடு. நெல் ஏலம் போடும் கமிட்டியில் நாலு பேர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

“இன்னாடா, எனக்குப் பூணூல் போட்டு வுட்றியா நீ?” என்று நைனாவைக் கேட்டாராம். அதையும் நைனா வீட்டில் வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அடுத்த வாரமே அந்தக் காரில் ஊமை வந்துவிட்டது. ஊமை என்பது எங்கள் ஊர் டிரைவர்கள் வைத்த பெயர். பெல்ட்டின் நுனியில் ஒரு உலோக நாக்கு இருக்குமே, அதை மட்டும் தனியாகச் செய்து கார் அலங்காரக் கடைகளில் விற்கிறார்கள். அதை வாங்கிப் பூட்டில் சொருகிவிட்டால், ஆள் பெல்ட் போட்டுவிட்டார் என்று நம்பிக் கார் வாயை மூடிக்கொள்ளும். “ஊம மாட்டிட்டியா?” என்று கார் ஸ்டாண்டில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள், காபி சாப்பிட்டாயா என்பதுபோல.

அந்தக் கார் முதல் சர்வீஸுக்கு எங்களிடம் வந்தபோதுதான் நான் ஊமையைப் பார்த்தேன். கூடவே இன்னொன்றையும் பார்த்தேன். இடது பக்க முன்பலகையில், ஏர்பேக் என்று எழுதியிருந்த எழுத்துகளின் மேலேயே, மேல்மலையனூர் அங்காளம்மன் பித்தளைச் சிலையை ஒட்டி வைத்திருந்தார்கள். சரியாக முதலாளியின் முகத்துக்கு நேராக.

நைனா வண்டியை எடுக்க வந்தார். நான் ஊமையை உருவிக் கையில் வைத்திருந்தேன்.

“இன்னா நைனா இது?”

“மொதலாளிக்கு அந்தச் சத்தம் ஆவாது பாப்பா. குடு இங்க.”

“குடுக்கறேன். மொதல்ல உக்காரு.”

அவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டை மெதுவாக இழுக்கச் சொன்னேன். வந்தது. வெடுக்கென்று இழுக்கச் சொன்னேன். நின்றுவிட்டது.

“மாடு மாதிரி,” என்றார் நைனா. “நெதானமா புடிச்சா வரும். வெடுக்குனு இழுத்தா காலை ஊனிக்கும்.”

பாடப் புத்தகத்தில் இவ்வளவு சுலபமாக எழுதியிருக்கவில்லை. பெல்ட் சுருளும் பெட்டிக்குள் ஒரு சின்னக் கிண்ணமும் அதில் ஒரு இரும்புக் குண்டும் இருப்பதைச் சொன்னேன். கார் திடீரென்று நின்றால் குண்டு கிண்ணத்தின் விளிம்புக்கு உருளும். உருண்டு ஒரு கொக்கியைத் தள்ளும். கொக்கி பல்சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும். பிறகு பெல்ட் ஒரு அங்குலம்கூட வெளியே வராது. பெரிய மோதல் என்றால் அதோடு விடாது. அதே பெட்டியில் தீபாவளி வெடி அளவுக்குக் கொஞ்சம் மருந்து இருக்கிறது. அது வெடித்து, தொளதொளவென்று கிடக்கும் பெல்ட்டை உள்ளே இழுத்து ஆளைச் சீட்டோடு இறுக்கும். இறுக்கிய பிறகு கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் செய்யும். இல்லாவிட்டால் பெல்ட்டே விலா எலும்பை ஒடித்துவிடும்.

“அப்ப பந்து?” என்றார் நைனா.

“பந்துன்னு சொல்லாத நைனா. பந்து வந்து ஒக்காரும்னு நெனச்சிக்கிட்டிருக்கற. அது வெடிச்சி வரும்.”

கார் எவ்வளவு வேகமாக நிற்கிறது என்பதை உணர்கருவிகள் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. இது சாதாரண பிரேக் இல்லை, மோதல்தான் என்று தெரிந்ததும் நடுவில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி தீ வைக்கச் சொல்கிறது. மருந்து எரிந்து காற்று பொங்குகிறது. பை முன்பலகையின் மூடியைக் கிழித்துக்கொண்டு, நாம் கண்ணை இமைப்பதற்குள் முழுதாக விரிந்து, பின்பக்க ஓட்டைகள் வழியாக உடனே சுருங்கவும் தொடங்குகிறது. அந்தச் சுருங்கும் நேரத்தில் முகம் அதில் போய்ப் பட வேண்டும். அப்போதுதான் அது தலையணை. அதற்கு முன்னால் பட்டால் அது உதை. ஆளை அதுவரை பின்னால் பிடித்து வைத்திருப்பது பெல்ட். பெல்ட் போடாதவர் பிரேக் அடிக்கும்போதே முன்னால் சரிந்து, பை கிளம்பும் இடத்திலேயே முகத்தை வைத்துக் காத்திருப்பார்.

“ஏர்பேக்னு எழுதியிருக்கறதுக்குப் பக்கத்துலயே தொணைன்னும் எழுதியிருக்குது, இங்கிலீஷ்ல. பெல்ட்டுக்குத் தொணை. அது தனியா ஒண்ணும் காப்பாத்தாது. அது மேல அம்மனை வேற ஒட்டி வெச்சிருக்கீங்க. வெடிச்சா அம்மன் நேரா அவர் மூஞ்சிக்குத்தான் வரும்.”

நைனா அம்மனைப் பெயர்த்தெடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, முன்பலகையின் நடுவில் ஒட்டினார். கையை நீட்டினார்.

“ஊமயக் குடு. இத மட்டும் கேக்காத பாப்பா. நான் சொன்னா அவரு போடுவாரா? அவர் மேல நான் பட்டயப் போட்டுக் கட்டுனா ஊரு இன்னா சொல்லும்?”

கொடுத்தேன். அவரே தன் கையால் சொருகினார். ஆனால் அன்றிலிருந்து தன் பெல்ட்டை ஒரு நாளும் போடாமல் வண்டி எடுத்ததில்லை. அதற்கு முன்பெல்லாம் போலீஸைக் கண்டால் மட்டும் மார்பின் மேல் இழுத்துப் பிடித்துக்கொள்வார். அம்மனை நகர்த்தியது போக, என் பேச்சை அவர் கேட்ட ஒரே விஷயம் அது. எனக்குப் பெருமையாக இருந்தது.

விபத்து நடந்தது ஒரு காலை நேரத்தில். நெல் பார்க்க அவலூர்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். உளுந்து அறுவடைச் சமயம். வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று செடிகளைச் சாலையில் பாதிக்குப் பரப்பி வைத்திருந்தார்கள். எதிரே ஒரு பஸ் வந்தது. நைனா ஒதுங்கிப் பிரேக் அடித்தார். செடியின் மேல் சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. சாலையோரப் புளியமரத்தில் முகப்பு மோதி நின்றது.

எனக்குப் பட்டறைக்கு போன் வந்தது. அரசு ஆஸ்பத்திரிக்கு நான் போவதற்குள் முதலாளியை விழுப்புரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தாடை உடைந்திருந்தது. கன்ன எலும்பும் ஒரு கையும் முறிந்திருந்தன. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். நைனா ஒரு பெஞ்சில் சட்டையைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது தோளிலிருந்து இடது இடுப்புவரை, பெல்ட்டின் அதே அகலத்தில், கன்றிப்போய் ஒரு கோடு. அடிபட்டது அவ்வளவுதான். மகள் முன்னால் மார்பைத் திறந்து வைத்திருக்க வெட்கப்பட்டு மூடப் பார்த்தார். நான் அவர் கையை விலக்கிவிட்டு போனில் படம் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. பெல்ட் வேலை செய்ததைக் கண்ணால் பார்த்த சந்தோஷமாகக்கூட இருக்கலாம்.

அவர் மடியில் ஒரு பாலிதீன் பை இருந்தது.

“இன்னா நைனா அது?”

“மொதலாளி சட்ட. நர்ஸம்மா கழட்டிக் குடுத்தாங்க. உடனே ஊற வெக்கணும் பாப்பா, ரத்தம் காஞ்சா போவாது.”

பையைப் பிரித்துப் பார்த்தேன். கழுத்திலிருந்து கீழே ரத்தம். ஏர்பேக்கிலிருந்து கொட்டும் வெள்ளை மாவு. குறுக்கே கோடு இல்லை. அந்தக் காரின் பெல்ட் எவ்வளவு அழுக்கு என்று எனக்குத் தெரியும். ஒருமுறை மேலே பட்டாலே கோடு விழும். அந்த மோதலில் பட்டிருந்தால் துணியையே தேய்த்திருக்கும். மூடி நைனாவிடமே கொடுத்துவிட்டேன்.

இதுதான் நான் செய்த தவறு. ஏர்பேக்கைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த எனக்கு அந்தச் சட்டையை எடுத்து வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அம்மா அதை உப்புத் தண்ணீரில் ஊற வைத்து, மூன்று முறை கசக்கி, கஞ்சி போட்டாள். தெருமுனையில் கொடுத்து இஸ்திரியும் போட்டு வாங்கினாள். ரத்தம் போனது. மாவு போனது. கோடு இல்லாததும் போனது. எப்போதும்போல் வெள்ளையாக, எந்தக் கதையும் இல்லாத சட்டையாகிவிட்டது.

முதலாளி வீடு திரும்பியதும் நைனா அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். கேட்டுக்கு உள்ளே, படிக்குக் கீழே நின்றோம். முதலாளி வராந்தாவில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் அவரால் பேச முடியவில்லை. அவர் மனைவிதான் சட்டையை வாங்கினார். மடிப்பைத் தடவிப் பார்த்தார்.

“சட்டய நல்லாத்தான் தொவச்சிருக்கீங்க. அம்மனை எவன்டா நவுத்தச் சொன்னது?”

நைனா தலையைக் குனிந்துகொண்டார். ஒரு கணம் அவர் கண் என் பக்கம் வந்து போனது.

“அம்மன் அவரு எதுருல இருந்த வரைக்கும் ஒரு கீறல் உண்டா? நடுவுல கொண்டாந்து வெச்சீங்க. யாரக் காப்பாத்துனா பாத்தியா? ஒன்னயக் காப்பாத்திட்டா.”

“அம்மன் எதுருலயே இருந்திருந்தா இவருக்குக் கண்ணு போயிருக்கும்மா,” என்றேன்.

“படிச்ச புள்ள பேசுது, கேட்டுக்கோடா,” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர்களுடைய மகன் வெளியே வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

“சர்வீஸ்ல ஏர்பேக்ல கை வெச்சது நீதானே? எங்கப்பா பெல்ட் போட்டுக்கிட்டுத்தான் ஒக்காந்திருந்தாரு. பை லேட்டா வெடிச்சிருக்குது. இன்னா நோண்டுன அதுல?”

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவர் பிடித்த இடம் வீடு போகும்வரை வலித்தது.

நாலு நாளில் ஸ்டேஷனில் மனு கொடுத்தார்கள். டிரைவர் கவனக்குறைவாக ஓட்டினார், டிரைவரின் மகள் வேலை செய்யும் இடத்தில் ஏர்பேக்கைக் கெடுத்துவிட்டாள், பெல்ட் போட்டிருந்தும் அடிபட்டதற்கு அதுவே காரணம் என்று மனு. இது உண்மையென்று ஆகிவிட்டால் நைனாவின் லைசென்ஸ் போகும். என் வேலை போகும். அதைவிட முக்கியம், பதினெட்டு வருடங்கள் உப்புப் போட்டவரைக் குடும்பமாகச் சேர்ந்து கொல்லப் பார்த்தவர்கள் என்ற பேச்சு ஊரில் நிற்கும். ஸ்டாண்டில் அதற்குள்ளேயே, “அவன் பொண்ணு கை வெச்ச வண்டியா, ஏறாத,” என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

நொறுங்கிய கார் எங்கள் பட்டறைக்கே வந்து சேர்ந்திருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பிரேக், டயர், ஸ்டியரிங் மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் போய்ப் பார்த்தேன். பூட்டில் ஊமை இல்லை. காவல்காரரிடம் கேட்டேன்.

“ஆல மொதலாளி பையன் வந்தாரும்மா. அம்மன் சிலையும் வண்டி பேப்பரும் வேணும்னு எடுத்துக்கினு போனாரு.”

அம்மனோடு ஊமையும் போய்விட்டது.

ஆனால் அவர்களுக்குத் தெரியாத ஒன்று அந்தக் காரிலேயே இருந்தது. நைனாவின் பெல்ட் ஒரு ஆளின் மார்பளவுக்கு வெளியே நீண்டபடி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போகச் சொல்லித் தள்ளினாலும் போகவில்லை. மருந்து வெடித்து இறுகிய பெல்ட் அதற்குப் பிறகு சுருளாது. மோதலின்போது எப்படி இருந்ததோ அப்படியே நின்றுவிடும். முதலாளி பக்கத்துப் பெல்ட்டை இழுத்தேன். அது கதவுத் தூணோடு ஒட்டி, கம்பிபோல விறைத்துக் கிடந்தது. விரல் நுழைய இடமில்லை. ஊமை சொன்ன பொய்யை நம்பி அந்தப் பக்கத்து மருந்தும் வெடித்திருக்கிறது. வெடித்து, யாருமே இல்லாத பெல்ட்டைத் தூணோடு இழுத்து இறுக்கியிருக்கிறது. ஏர்பேக்கின் மூடி கிழிந்த ஓரத்தில், பை புறப்படும் வாசலிலேயே ரத்தக் கறை. அவர் முகம் அங்கே இருந்திருக்கிறது. பை தாமதமாக வரவில்லை. அவர்தான் சீக்கிரமாகப் போய்விட்டார்.

எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். அவர் ஸ்கேனரை என் பக்கம் திருப்பினார். மோதல் நேரத்தில் இருந்த நிலையைக் கட்டுப்பாட்டுப் பெட்டி பதிந்து வைத்திருக்கும். திரையில் முன் இடது சீட், பெல்ட் பூட்டப்பட்டுள்ளது என்று இருந்தது.

“மெஷினே சொல்லுதும்மா, போட்டிருந்தாருன்னு.”

“மெஷினுக்கு ஊமை சொன்னதுதான் சார் தெரியும். பூட்டுல நாக்கு இருந்துதான்னு அது பாக்கும். நாக்குக்குப் பின்னால ஆளு இருந்தாரான்னு அதுக்குத் தெரியாது. பெல்ட்ட வந்து பாருங்க சார்.”

அவர் வந்து பார்த்தார். இழுத்துப் பார்த்தார். அவரும் இதே படிப்பைப் படித்தவர்தான். புரிந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஆலைக்கு எத்தன வண்டி நம்மகிட்ட சர்வீஸுக்கு வருது தெரியுமா? நான் ஒண்ணும் பாக்கல. ஒனக்கு எதுக்கும்மா டென்ஷன்? அடுத்த வாரம் பாடி வேலை ஆரம்பிக்கறாங்க. பெல்ட்டு, பேக்கு எல்லாம் புதுசு மாத்திடுவோம். பழசு ஸ்கிராப்புக்குப் போயிடும். அதோட முடிஞ்சிது.”

“எங்க நைனா மேல கேஸு இருக்குது சார்.”

“ஒங்க நைனாவே ஸ்டேஷன்ல சொல்லிட்டாரேம்மா, மொதலாளி பெல்ட் போட்டிருந்தாருன்னு. கையெழுத்தும் போட்டுட்டாரு. ஒனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனபோது நைனா தரையில் உட்கார்ந்து முறத்தில் ரேஷன் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வேலை போன பிறகு அவர் அம்மாவின் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்துகொண்டிருந்தார்.

“மொதலாளி பெல்ட் போட்டிருந்தாரா நைனா?”

அவர் நிமிரவில்லை. “போட்டிருந்தாருன்னு அவரு மனுவுல சொல்றாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“அவரு ஆமாங்கறப்ப நான் இல்லங்கறதா? ஸ்டேஷன்ல எதுருல ஒக்காந்திருக்காரு பாப்பா. வாய் தொறக்க முடியாம, கண்ணால பாக்கறாரு. எஸ்ஐ கேக்கறாரு, போட்டிருந்தாரான்னு. போட்டிருந்தாரு சார்னேன்.”

“அப்ப நான்தான் ஏர்பேக்கக் கெடுத்தேன்னு ஆவுது. அது தெரியுமா ஒனக்கு?”

முறம் நின்றது.

“அது எப்படி ஆவும்? நான் ஒன்னப் பத்தி ஒண்ணும் சொல்லலயே.”

அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. பெல்ட் போட்டிருந்தும் முகம் உடைந்தது என்றால் குற்றம் பையுடையது. பை என்றால் கடைசியாக அதில் கை வைத்தவளுடையது. இந்தக் கணக்கை எஸ்ஐயும் மேனேஜரும் முதலாளியின் மகனும் போட்டுவிட்டார்கள். நைனா மட்டும் போடவில்லை. அவர் முதலாளியின் மானத்தைக் காப்பாற்றினார். காப்பாற்றி முடித்த மறுநாள் அவர்கள் ஆள் அனுப்பிக் காரின் இன்னொரு சாவியையும் காக்கிச் சட்டைகளையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

“போயி மாத்திச் சொல்லு நைனா. நான் கூட வர்றேன்.”

“பொய் சொன்னேன்னு நானே போயிச் சொல்லணுமா?” என்றார். பிறகு, “இத்தினி வருசம் ஓட்டியிருக்கேன்,” என்றார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. அவர் மீண்டும் கல் பொறுக்கத் தொடங்கினார். பனியனுக்கு மேலே தெரிந்த கோட்டின் முனை பச்சையிலிருந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாளில் அதுவும் போய்விடும்.

இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தது நைனாவுக்காக. என் தரப்பில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. நான் எழுதினால் நைனா பொய் சொன்னார் என்று ஆகும். எழுதாவிட்டால் நைனா கொலைகாரியைப் பெற்றவர் என்று ஆகும். இரண்டில் எதை அவரால் தாங்க முடியும் என்று அவரிடம் கேட்க முடியாது. கேட்டால், முதலாளி என்ன நினைப்பார் என்றுதான் அவர் யோசிப்பார்.

மூன்றாம் நாள் எழுதினேன். நான்கு பக்கம், தமிழில், என் கையெழுத்தில். அந்த ஸ்டேஷனில் யார் படித்தாலும் புரிய வேண்டும் என்று கிண்ணமும் குண்டும் கொக்கியும் முதற்கொண்டு எழுதினேன். வெடித்த பெல்ட் ஏன் சுருளாது என்று எழுதினேன். சந்தேகம் இருந்தால் இரண்டு பெல்ட்டையும் கையால் இழுத்துப் பார்க்கலாம், அதற்குப் படிப்பு தேவையில்லை என்று எழுதினேன். சர்வீஸில் ஏர்பேக்கை நான் திறக்கவேயில்லை என்பதற்கு அன்றைய வேலைச் சீட்டின் நகலை வைத்தேன். நைனாவின் மார்புப் படத்தையும் வைத்தேன். பாடி வேலை ஆரம்பிப்பதற்கு முன் பிரேக் இன்ஸ்பெக்டர் மறுபடி வந்து பெல்ட்டுகளைப் பார்க்க வேண்டும், அதுவரை காரைத் தொடக் கூடாது என்று கேட்டேன். கடைசிப் பக்கத்தில், முதலாளி பெல்ட் போட்டிருந்தார் என்று என் தந்தை கூறியது உண்மையல்ல, முதலாளியின் முன்னிலையில் வைத்துக் கேட்டதால் அப்படிக் கூறினார் என்று எழுதினேன். அந்த வரியை மட்டும் மூன்று முறை திருத்தினேன். சட்டையைப் பற்றி எழுதவில்லை. துவைத்த சட்டையைப் பற்றி என்ன எழுதுவது?

இன்று காலை பட்டறைக்குப் போகும் வழியில் ஸ்டேஷனில் இறங்கினேன். எழுத்தர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “யாரும்மா எழுதிக் குடுத்தது?” என்று கேட்டார்.

“நான்தான் சார் எழுதினேன்.”

“வக்கீலா?”

“மெக்கானிக்.”

மனு ஏற்புச் சீட்டில் முத்திரை வைத்துக் கொடுத்தார். அதையும் மனுவையும் சேர்த்து இரண்டு நகல் எடுத்தேன். ஒன்றை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டுத் தளத்துக்குப் போனேன். அந்தக் காரின் இடது கதவைச் சாத்தி, தொடக் கூடாது என்று எழுதி ஒட்டினேன். இன்னொரு நகலைச் சாப்பாட்டுப் பையில் வைத்திருக்கிறேன். நைனாவுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.